அறுந்த தண்டுவடத்தை அச்சில் வார்க்க முடியுமா?

உங்கள் சுண்டு விரலை நீட்டிப் பாருங்கள். ஏறக்குறைய அந்தப் பருமன்தான் நம் தண்டுவடம். நீளம் ஆண்களுக்குச் சுமார் 45 சென்டிமீட்டர், பெண்களுக்குச் சுமார் 43. கழுத்தில் தொடங்கி இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடும். இவ்வளவு சிறிய கயிறுதான், 'கட்டை விரலை அசை', 'சிறுநீரை அடக்கு' என்று மூளை போடும் கட்டளைகளைக் கீழே கொண்டு போகிறது. 'காலில் முள் குத்திடுச்சு' என்ற சேதியை மேலே கொண்டு வருவதும் இதுதான். அதன் இரு பக்கமும் 31 ஜோடி நரம்புகள் பிரிந்து உடம்பெல்லாம் ஓடுகின்றன.

பலரும் முதுகெலும்பையும் தண்டுவடத்தையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். முதுகெலும்பு வெளியே இருக்கும் எலும்புக் குழாய். தண்டுவடம் அதற்குள்ளே பத்திரமாக இருக்கும் மென்மையான நரம்புத் திசு. எலும்பு நொறுங்கி உள்ளே இருக்கும் தண்டுவடம் நசுங்கினால், அந்த இடத்துக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் போய்விடும். அடி முதுகில் என்றால் கால்கள். கழுத்தில் என்றால் கையும் சேர்ந்து போகும். மிக மேலே பட்டால் மூச்சுக்கே ஆபத்து.

பழனிக்குப் பக்கத்துக் கீரனூர்க்காரன் நான். தென்னந்தோப்பும் மாந்தோப்பும் நிறைந்த வட்டாரம் இது. மரத்திலிருந்து விழுந்தவர், கிணற்றுக்குள் தவறியவர், பைக்கில் போய் அடிபட்டவர் என்று வீட்டுக்கு உழைத்துப் போட்ட ஆண்பிள்ளைதான் பெரும்பாலும் படுக்கையில் விழுகிறார். பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்த பிறகு, அவருடைய அம்மாவோ மனைவியோ என்னைத் தேடி வருகிறார்கள். முன்பெல்லாம் 'எண்ணெய் ஏதாச்சும் குடுங்கய்யா' என்பார்கள். இப்போது கேள்வி மாறிவிட்டது. 'தண்டுவடத்தையே மிஷின்ல அச்சடிச்சு வைக்கிறாங்களாமே... ஸ்டெம் செல் ஊசி போட்டா நடந்துருவாராமே... தோட்டத்தை வித்துப் போட்டுடலாமாங்கய்யா?'

தோட்டத்தை விற்கிற கேள்வி இது. பொறுப்பாகப் பதில் சொல்ல வேண்டும். முதலில் விஞ்ஞானம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடுவோம்.

எலும்பு கூடும், இது ஏன் கூடுவதில்லை?

கை எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டுச் சில வாரங்களில் கூடிவிடுகிறது. கையில் ஓடும் நரம்பு வெட்டுப்பட்டால்கூடத் தைத்து விட்டால், நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் மெல்ல வளரும். தண்டுவடத்துக்கு மட்டும் ஏன் இந்த வரம் இல்லை?

அடிபட்ட நொடியில் நடக்கும் சேதம் ஒரு பங்குதான். அடுத்த சில மணி நேரங்களிலும் நாட்களிலும் வீக்கம் ஏறுகிறது, ரத்த ஓட்டம் குறைகிறது, பக்கத்தில் நல்லபடியாக இருந்த செல்களும் சாகின்றன. பிறகு அந்த இடத்தில் தழும்பு கட்டுகிறது. நடுவே நீர் நிறைந்த பொந்து விழுவதும் உண்டு. அறுபட்ட நரம்பு இழை வளரப் பார்த்தாலும் தழும்பு வழிவிடாது. போதாததற்கு, நரம்பைச் சுற்றியுள்ள உறையிலேயே 'வளராதே' என்று தடுக்கும் புரதங்களும் இருக்கின்றன.

அதனால்தான் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை 'அறுந்த தண்டுவடம் அறுந்ததுதான்' என்று உலகமே கைவிட்டிருந்தது. 1981-ல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் சாமுவேல் டேவிட், ஆல்பர்ட் அகுவாயோ என்ற இருவர் ஒரு காரியம் செய்தார்கள். எலியின் காலில் இருந்து ஒரு நரம்புத் துண்டை எடுத்துப் பாலம் போல வைத்தார்கள். ஒரு முனை தண்டுவடத்தில், இன்னொரு முனை மூளையின் அடிப்பகுதியில். வளரவே வளராது என்று சொல்லப்பட்ட இழைகள் அந்தப் பாலத்துக்குள் புகுந்து சென்டிமீட்டர் கணக்கில் வளர்ந்தன!

இதிலிருந்து கிடைத்த பாடம் பெரியது. நரம்பு இழைக்கு வளரும் சக்தி இருக்கிறது. அதற்கு வேண்டியது நல்ல பாதை. இன்றைய அச்சு வைத்தியத்துக்கு விதை இதுதான்.

குருத்தணு என்றால் என்ன?

வாழை மரத்தின் குருத்திலிருந்து இலையும் வரும், பூவும் வரும். அது போல, வேறு வகைச் செல்களாக மாறக் கூடிய இளம் செல்தான் ஸ்டெம் செல். தமிழில் குருத்தணு என்கிறோம். எலும்பு மஜ்ஜையில் இருப்பவை ஒரு வகை. அவை ரத்தம், எலும்பு, கொழுப்பு போன்ற சிலவாக மட்டுமே மாறும். கருவின் ஆரம்ப நாட்களில் இருப்பவை இன்னொரு வகை. இவை எதுவாகவும் மாறும்.

மூன்றாவது வகைதான் அதிசயம். ஜப்பானின் ஷின்யா யமனாக்கா 2006-ல் எலியின் சாதாரணத் தோல் செல்லையும், 2007-ல் மனிதத் தோல் செல்லையும் பழையபடி குருத்து நிலைக்குத் திருப்பிக் காட்டினார். 2012-ல் நோபல் பரிசு பெற்றார். 'ஐ.பி.எஸ். செல்' என்று இதற்குப் பெயர். நோயாளியின் சொந்தத் தோலிலிருந்தே நரம்புச் செல்லை உருவாக்கலாம் என்ற கதவு அப்போது திறந்தது.

முறுக்கு அச்சும் உயிர் மையும்

செல் இருக்கிறது. அதைத் தண்டுவடப் பொந்துக்குள் அப்படியே கொட்டினால்? பெரும்பகுதி செத்துப் போகும். மிஞ்சியவையும் தாறுமாறாகக் கிடக்கும். வரிசையாக நிற்க ஒரு சட்டம் வேண்டும். இங்கேதான் பயோ பிரிண்டிங் வருகிறது.

முறுக்கு அச்சில் மாவைப் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். மாவுக்குப் பதில் ஜெலட்டின் போன்ற ஒரு குழைவு. அதில் உயிருள்ள செல்கள் கலந்திருக்கும். இதுதான் உயிர் மை. கம்ப்யூட்டர் சொல்கிறபடி அச்சு நகர்ந்து அடுக்கடுக்காகப் பிழியும். இன்னொரு முறையும் இருக்கிறது. பல் டாக்டர் சொத்தைப் பல்லை அடைத்துவிட்டு நீல விளக்கைக் காட்டி இறுக வைப்பார் அல்லவா? அதே போல, குழைவின் மேல் ஒளியைப் படம் படமாகப் பாய்ச்சி வேண்டிய வடிவத்தில் இறுக வைப்பது.

அமெரிக்காவில் சான் டியாகோ நகரில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு 2019-ல் இந்த ஒளி முறையைக் கையாண்டது. வெறும் 1.6 நொடியில் 2 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு துண்டை அச்சடித்தார்கள். அதற்குள் இரண்டு தலைமுடி அகலத்தில் நேர் நேரான குழாய்கள். அதில் நரம்புக் குருத்தணுக்களை நிரப்பி, தண்டுவடம் முழுதாக அறுபட்ட எலிகளில் வைத்தார்கள். சில மாதங்களில் இழைகள் குழாய் வழியே இரு பக்கமும் இணைந்தன. பின்னங்கால்களில் ஓரளவு அசைவு திரும்பியது. மனிதக் காயத்தின் எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்து அதே வடிவில் 4 சென்டிமீட்டர் துண்டை 10 நிமிடத்துக்குள் அச்சடிக்கவும் அவர்களால் முடிந்தது. ஆனால் அந்தத் துண்டு எந்த மனிதருக்குள்ளும் வைக்கப்படவில்லை.

2022-ல் இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழகக் குழு வயிற்றுக் கொழுப்புத் திசுவை எடுத்தது. அதன் செல்களைக் குருத்து நிலைக்கு மாற்றி, மிச்சத் திசுவையே ஜெல்லியாக்கித் தண்டுவடத் துண்டு வளர்த்தது. நாள்பட்ட முடக்கம் கொண்ட சுண்டெலிகளில் 80 சதவீதம் நடந்தன. 2025-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் அச்சடித்த சட்டத்துக்குள் மனிதக் குருத்தணுவிலிருந்து வந்த தண்டுவடச் செல்களை வளர்த்து எலிகளில் வைத்து, இழைகள் தலைப் பக்கமும் வால் பக்கமும் நீண்டதைக் காட்டியது.

எல்லாமே சந்தோஷமான சேதிதான். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? எலி, சுண்டெலி, மறுபடி எலி! எலியின் தண்டுவடத்தில் இழை கடக்க வேண்டிய தூரம் சில மில்லிமீட்டர். மனிதனுக்கோ பல சென்டிமீட்டர். செல்போனில் வரும் வீடியோ இதைச் சொல்வதில்லை.

மனிதர்களிடம் என்ன நடந்தது?

அச்சுத் துண்டு இல்லாமல், செல்லை மட்டும் மனிதருக்குச் செலுத்திய ஆராய்ச்சிகள் உண்டு. 2010 அக்டோபரில் அமெரிக்காவின் ஜெரான் நிறுவனம் கருக் குருத்தணுவிலிருந்து உருவாக்கிய செல்களை, தண்டுவடம் அடிபட்ட ஒருவருக்கு முதன்முறையாகச் செலுத்தியது. 2011 நவம்பரில் பணக் காரணம் சொல்லி அந்த ஆராய்ச்சியை நிறுத்திவிட்டது.

ஜப்பானின் கெயோ பல்கலைக்கழகம் 2021 டிசம்பரில் தொடங்கி நான்கு பேருக்குத் தலா 20 லட்சம் ஐ.பி.எஸ். வழி செல்களைச் செலுத்தியது. எல்லோருமே அடிபட்டு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் இருந்தவர்கள். 2025 மார்ச்சில் முடிவு சொன்னார்கள். ஒரு வருடம் வரை பெரிய பக்க விளைவு இல்லை. ஒருவர் பிடிமானமின்றி நின்று நடைப் பயிற்சி தொடங்கினார். இன்னொருவருக்கு அசைவு கொஞ்சம் திரும்பியது. மற்ற இருவருக்கும் மதிப்பீட்டில் மாற்றம் இல்லை. நாலு பேரை வைத்து முடிவு கட்ட முடியாது. முதல் மாதங்களில் தானாகவே ஓரளவு தேறுபவர்களும் உண்டு. அந்த விஞ்ஞானிகளே நிதானமாகத்தான் பேசுகிறார்கள்.

எதிர்ப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். போர்ச்சுகலில் மூக்குத் திசுவைத் தண்டுவடத்தில் வைத்துக்கொண்ட ஒரு பெண்ணுக்கு, எட்டு வருடம் கழித்து அதே இடத்தில் சளி சுரக்கும் கட்டி வளர்ந்ததாக 2014-ல் மருத்துவ இதழில் வந்தது. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். வளரும் சக்தி உள்ள செல், வேண்டாத விதத்திலும் வளரும்!

தோட்டத்தை விற்கும் முன்பு...

நம் நாட்டில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2017-ல் வெளியிட்ட குருத்தணு வழிகாட்டு நெறிகள் என்ன சொல்கின்றன? ரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைத் தவிர, வேறு எந்த நோய்க்கும் குருத்தணுவை வழக்கமான வைத்தியமாகக் கொடுக்கக் கூடாது. ஆராய்ச்சியாக, அனுமதி பெற்றுத்தான் செய்யலாம். விளம்பரம் செய்யவும் கூடாது. தண்டுவடக் காயமும் இதில் அடக்கம்.

யாராவது 'ஸ்டெம் செல் போடுகிறோம்' என்றால் இந்த நாலு கேள்வியைக் கேளுங்கள்:

1. இது அனுமதி பெற்ற ஆராய்ச்சியா? இந்தியப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிந்த எண் என்ன?

2. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதம் எங்கே?

3. ஆராய்ச்சி என்றால் எங்களிடம் எதற்குப் பணம்?

4. எந்தச் செல், எங்கே வளர்த்தது, எத்தனை வருடம் எங்களைக் கண்காணிப்பீர்கள்?

பதில் மழுப்பலாக வந்தால், 'நூத்துக்கு நூறு நடப்பார்' என்று யாராவது சத்தியம் செய்தால், எழுந்து வந்துவிடுங்கள். தோட்டம் போனால் அவருக்குப் பின்னால் அந்தக் குடும்பத்துக்கு என்ன மிஞ்சும்?

நம் வைத்தியத்தில் உண்டா?

'இங்கிலீஷ் மருந்தைப் பத்திப் பேசிட்டு உங்க வைத்தியத்தை விட்டுட்டீங்களே?' என்று கேட்பீர்கள். விடவில்லை. யூகி முனிவர் வாத நோய்களை எண்பதாகப் பிரித்துச் சொன்ன மரபு நம்முடையது. தொக்கணம், வர்மம், எண்ணெய்கள் பல வலிகளுக்கு உதவுகின்றன. ஆனால் அறுந்த தண்டுவடத்தை ஒட்ட வைக்கும் மருந்து சித்தத்திலும் இல்லை. உண்டு என்று சொல்கிறவரிடமும் மேலே சொன்ன அதே கேள்விகளைக் கேளுங்கள்.

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன். இந்த நோயாளிக்கு நம் கை வைத்தியமே சில சமயம் எமனாகிவிடும். உணர்ச்சி இல்லாத காலில் சூடான ஒற்றடம் வைத்தால் தோல் வெந்து போவது அவருக்கே தெரியாது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். அதை உருவிவிட்டால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்து உயிரே போகலாம். விறைத்த மூட்டை வலுவாக முறுக்கவும் கூடாது. மெதுவாக, பிசியோதெரபிஸ்ட் காட்டிய அளவில் மட்டும் நீட்டி மடக்குங்கள். மலச்சிக்கலுக்குக் கீரை, பழம், போதிய தண்ணீர்; தேவைப்பட்டால் திரிபலா சூரணம். அதுவும் அளவைக் கேட்டுக்கொண்டு. சித்தத்தின் இடம் அங்கேதான்.

சக்கர நாற்காலியில் ஒரு டாக்டர்

அப்படியானால் நம்பிக்கையே இல்லையா? தமிழ்நாட்டிலேயே விடை இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் இளம் டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். டாக்டர் பால் பிராண்டின் ஊக்கத்தால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறையையே வேலூரில் வளர்த்தார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் கடைசி வரை நடக்கவில்லை. எத்தனை பேரைச் சொந்தக் காலில் வாழ வைத்தார் என்று நினைத்துப் பாருங்கள்!

தென்காசி பக்கத்து ஆய்க்குடியில் இருக்கும் அமர் சேவா சங்கமும் அப்படித்தான். அதை நிறுவிய எஸ்.ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981-ல் சிறிதாகத் தொடங்கிய சங்கம், தண்டுவடம் அடிபட்டவர்களுக்கும் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கும் பெரிய மறுவாழ்வு மையமாக வளர்ந்தது. 2020-ல் இவருக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

இந்த இருவரிடமும் அச்சடித்த தண்டுவடம் இல்லை. மறுவாழ்வுப் பயிற்சி இருந்தது. உடம்பைக் காத்துக்கொள்ளும் ஒழுங்கு இருந்தது.

அடிபட்ட இடத்தில்

மரத்தடியில் கிடப்பவரைக் கையும் காலுமாகத் தூக்கி ஆட்டோவில் திணிக்காதீர்கள். அப்படித் தூக்குவதாலேயே சேதம் அதிகமாகலாம். கழுத்தை அசைக்காதீர்கள், உட்கார வைக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், உருவி விடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். நகர்த்தியே ஆக வேண்டும் என்றால், ஒருவர் தலையையும் கழுத்தையும் நேராகப் பிடிக்க, மூன்று பேர் சேர்ந்து மரக்கட்டையை உருட்டுவது போல ஒரே சீராக உருட்டிப் பலகை மேல் கிடத்துங்கள். சாலை விபத்தானால், 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்காகவே வந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

படுக்கையில் இருந்தால் இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வையுங்கள். நாற்காலியில் இருந்தால் கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கையை ஊன்றி இடுப்பைத் தூக்கட்டும். தினமும் காலையில் பின்புறம், இடுப்பு, குதிகால் தோலைப் பாருங்கள். சிவந்து போய் நிறம் மாறாமல் நின்றால் அதுதான் படுக்கைப் புண்ணின் ஆரம்பம்.

சிறுநீரை நாலு முதல் ஆறு மணிக்கொரு தடவை சுத்தமான டியூப் வைத்து எடுக்கும் முறையை ஆஸ்பத்திரியில் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், நாற்றமடிக்கும் கலங்கல் சிறுநீர் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். மார்பின் நடுப்பகுதியிலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவருக்குத் திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி, முகம் வியர்த்தல் வந்தால் ரத்த அழுத்தம் எகிறுகிறது என்று அர்த்தம். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, சிறுநீர் டியூப் மடங்கி இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் தணியாவிட்டால் ஆம்புலன்ஸ்தான்.

தண்டுவடக் காயக்காரர்களை வருடங்கள் கழித்தும் மண்ணில் சாய்ப்பது பெரும்பாலும் இந்தப் புண்ணும் சீழும்தான். நாளைக்கு அச்சுத் துண்டு மனிதருக்கு வந்தாலும் சரி, நல்ல ஆராய்ச்சி ஒன்று அழைத்தாலும் சரி, புண் இல்லாத தோலும் கிருமி இல்லாத சிறுநீர்ப் பையும் மடங்கி விறைக்காத மூட்டும் உள்ளவருக்குத்தான் முதல் வாய்ப்பு.

ஆகவே தோட்டத்தை விற்காதீர்கள். அதில் வரும் காசில் ஒரு நல்ல சக்கர நாற்காலி, ஒரு நல்ல மெத்தை, வாசலில் படிக்குப் பதில் ஒரு சாய்தளம், முடிந்தால் சில மாதம் மறுவாழ்வுப் பயிற்சி. பிறகு தோட்டக் கணக்கை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். படுக்கையில் இருந்தாலும் வீட்டுக்கு அவர் வேண்டியவர் என்பது அவருக்குத் தெரியட்டும்.